ஆளுக்கொரு சிலேட்டு

29.5.2011, கடலூர்

பைத்தான் என்ற கணினி மொழியில் 'கொடையாளர்' என்று ஒரு கிளாஸ் எழுதிவிட்டேன். கிளாஸ் என்பது பள்ளிக்கூட அட்மிஷன் படிவம் மாதிரி. படிவம் மாணவன் ஆகாது. நிரப்பினால்தான் ஒருவன் வந்து சேருவான். எங்கள் ரத்ததானக் குழுவின் இருநூறு பேரையும் அப்படி ஒரே சுற்றில் உருவாக்கி, ரத்த வகைவாரியாகப் பிரித்தேன். ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆகாதவர்களைக் கணினி காட்டாது.

குழுவைத் தொடங்கிய அந்தோணிசாமி சிரிக்கிறான். "ரிட்டயர் ஆகியும் அட்டெண்டன்ஸ் எடுக்கறியாடா? சரி, ஓ நெகட்டிவ் பாரு. எங்க ஜான்சிக்கு பிரசவ தேதி நெருங்குது." அவன் மகள், சிதம்பரத்தில் இருக்கிறாள்.

ஆறு பேர் என்று காட்டியது. போதும் என்று மூடிவிட்டோம்.

5.6.2011

முகாம். கொடுத்தவர்களின் தேதிகளை ஏற்றினேன்.

7.6.2011

காலையில் அந்தோணிசாமி போன். "ஜான்சிக்கு ஆபரேஷனாம். ரத்தம் ஜாஸ்தி போவுதாம். ரெண்டு பேர் உடனே வேணும்டா."

கணினியில் கேட்டேன். ஒருவரும் இல்லை என்கிறது!

"நல்லா பாருடா, ஆறு பேரு காட்டுச்சே!"

மற்ற வகைகளையும் கேட்டேன். ஒருத்தரும் இல்ல. ஊரே ஞாயித்துக்கெழம ரத்தம் குடுத்துடுச்சா?

மனைவி அமிர்தம் தண்ணீர் கொடுத்தாள். "பசங்க கணக்கு தப்பா போட்டா மொத வரியிலேருந்துதான பாப்பீங்க? அப்பிடி பாருங்க."

பார்த்தேன். தேதி எழுதும் பட்டியலைக் கிளாசுக்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். வகுப்பு முழுவதற்கும் ஒரே சிலேட்டு! ஒருவன் எழுதியது எல்லோருடையதும் ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் உருவாகும்போதே தனிச் சிலேட்டு கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியை இடம் மாற்றி, எல்லோரையும் மறுபடி உருவாக்கி, தேதிகளை ஏற்றினேன்.

ஐந்து பேர். ஆறாவது மணவாளன் — முகாமில் கொடுத்தவர். இப்போது சரி.

ஐவரில் உத்திராபதியும் லூர்துசாமியும் சிதம்பரத்திலேயே இருப்பவர்கள். "இதோ கெளம்பறேன் சார்" என்றார்கள்.

8.6.2011

பெண் குழந்தை. ஜான்சி கண் விழித்துப் பேசினாளாம்.

12.6.2011

அந்தோணிசாமி மிட்டாயோடு வந்தான். குழந்தைக்கும் ஓ நெகட்டிவாம்.

"என் பேத்தியையும் ஏத்துடா."

"பதினெட்டு வயசு ஆவணும்டா."

"ஆவட்டும். எடத்தப் போட்டு வை."

வயதுக்கு ஒரு நிபந்தனை சேர்த்தேன். 2029 வரை அவளைக் காட்டாது. பெயர் இன்னும் வைக்கவில்லை. 'ஜான்சி மகள்' என்று ஏற்றியிருக்கிறேன்.