முன்னறைத் திறப்பு

அண்ணா,

அப்பாவின் புத்தகங்களைக் கறையானுக்குத் தின்னக் கொடுத்தவர் நீங்கள்தான். கோயில் திருவிழாவுக்கு வந்து திரும்பும்போது புத்தகங்கள் இருக்கும் முன்னறையைப் பூட்டி, பூட்டின் திறப்பைக் கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். "திறந்து கிடந்தால் ஊராக்கள் இரவல் எண்டு அள்ளிக்கொண்டு போயிடுவினம்" என்றீர்கள். பூட்டுக்கு வெளியே நிற்பது நாங்கள்தான்.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. மடத்துவெளிக்குப் போகும் ஒழுங்கை முழுக்க வெள்ளம். மழை நாளில் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைவிருக்கிறதா? அம்மா நண்டும் பயற்றங்காயும் போட்டு, பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவார். ஒருவர் கதை வாசிக்க, மற்றவர்கள் கூழைக் குடித்தபடி கேட்போம்.

இந்த வருடமும் அம்மா காய்ச்சினார். அப்பாவுக்கு இப்போது கண் மங்கி எழுத்துத் தெரிவதில்லை. "எதையெண்டாலும் வாசி பிள்ளை" என்றார். கடையில் சரக்குச் சுற்றித் தந்த பேப்பர்த் துண்டைத்தான் வாசித்தேன். முடிந்ததும், "மிச்சம் எங்கை?" என்று கேட்டார்.

நேற்று முன்னறைக் கதவின் கீழால் கறையான் மண் வெளியே வந்திருந்தது. பூட்டை உடைக்கக் கோடரியை எடுத்தேன். அப்பா கதவோடு முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"வேண்டாம். அவன் கோவிச்சால் பிறகு வரமாட்டான்."

அன்றைக்கே முகநூலில் உங்கள் படம் வந்தது. மஞ்சள் இலைகள், ஆவி பறக்கும் சூப், மடியில் விரித்த புத்தகம். என் அழைப்பை மட்டும் நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொன்னால் அப்பா விலகமாட்டார். இதைப் படித்தவுடன் அவரை அழைத்து, "பூட்டை உடையுங்கோ அப்பா" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி