நாற்பது மெஷினும் ரீஸ்டார்ட் ஆன நாள்

செவ்வாய், இரவு

திருப்பதியில் எங்கள் பல்கலைக்கழக லேபின் நாற்பது கம்ப்யூட்டருக்கும் ஒரே செட்டப் போட்டவன் நான்தான். எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றது. யார் என்ன குப்பை போட்டாலும், ரீஸ்டார்ட் ஆனால் அழிந்து புதுசாகிவிடும். முடித்த அன்று துள்ளிக் குதித்தேன்! சர்வரில் ஆளுக்கொரு ஃபோல்டர் இருக்கிறது, அதில்தான் சேவ் செய்ய வேண்டும் என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

லேபில் யாரும் மெஷினை அணைப்பதில்லை, மானிட்டரை மட்டும்தான். அதனால் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. நேற்று சாயங்காலம் கரண்ட் போய் வந்தது, நாற்பதும் ரீஸ்டார்ட் ஆகிவிட்டன.

காலையில் ஜூனியர் பவானி வந்து நின்றாள். தினமும் நகரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சொந்த லேப்டாப் இல்லை.

"ண்ணா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட டெஸ்க்டாப்புலதான் வச்சிக்கினு இருந்தேன். காணோம்ணா."

"வேற காப்பி?"

"இல்லணா. நாளைக்கு குடுக்கணும். எப்டியாச்சும் எடுத்துக் குடு. நீ பெரிய ஹேக்கராச்சே."

மதியம் வரை முட்டிப் பார்த்தேன். வராது என்று எனக்குத் தெரியும். என் செட்டப் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

"போச்சு பவானி. என் தப்புதான்."

அவள் திட்டவில்லை. "எங்க வச்சா நிக்கும்?" என்று கேட்டாள். ஃபோல்டரைக் காட்டினேன். தலைப்பை மட்டும் டைப் செய்து, சேவ் செய்து, என்னைக் கேட்காமல் அவளே ரீஸ்டார்ட் செய்தாள். தலைப்பு இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் முதல் பக்கத்தை ஆரம்பித்தாள்.

நான் பக்கத்தில் சும்மா நின்றிருந்தேன்.