உங்கள் தலையில் வந்த பஞ்சு

மதினி,

இன்று சர்ச் விட்டு வந்ததும், கிறிஸ்துமஸ் கார்டு செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடியாக நின்றார்கள். பரணில் இருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். கத்திரியும் கலர் பென்சிலும் எடுக்கத்தான் திறந்தேன். உங்கள் தலை வாசம் வந்தது. தேங்காய் எண்ணெயும் மில்லும் கலந்த அதே வாசம். உள்ளே ஒரு கைப்பிடிப் பஞ்சு, போன வருஷம் கார்டில் ஒட்டியது போக மிஞ்சியது. வாசம் போய்விடுமே என்று டக்கென்று மூடிவிட்டேன்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தது நீங்கள்தானே. உங்களுக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. தலையில் துண்டு கட்டினாலும் அந்தப் பஞ்சு விடுமா? ஷிப்ட் முடிந்து வரும்போது பாதி நரைத்த மாதிரி வருவீர்கள். வாசப்படியில் உட்கார்ந்து, "ஏலே சாமு, ஏட்டி மெர்சி, பஞ்சு பொறக்க வாங்க" என்று தலையைக் குனிவீர்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று, முடிக்குள் விரலை விட்டுப் பஞ்சு எடுப்பார்கள். கார்த்திகையில் ஆரம்பித்தால் கிறிஸ்துமஸுக்குள் டப்பா நிறைந்துவிடும். அதுதான் நம் வீட்டுக் கார்டுகளுக்குப் பனி.

என் பங்குக்கு அட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பால்கோவாக் கடையில், நசுங்கிப்போன டப்பாக்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி பஸ்ஸில் தூக்கி வருவேன். சும்மா தூக்கி வருவேனா, முனகிக்கொண்டேதான் வருவேன்.

"கடையில பளபளன்னு விக்கிதே மதினி, எதுக்கு இந்த வேலையத்த வேலை?"

"ஏட்டி, வாங்குன கார்டுல நம்ம பிள்ளைக கை இருக்குமா?" என்பீர்கள்.

ஒரு வருஷம் மைதாப் பசையும் பால்கோவா அட்டையும் சேர்ந்து, பாஸ்டர் வீட்டுக்குக் கொடுத்த கார்டில் எறும்பு சாரை சாரையாக ஏறிவிட்டது. பாஸ்டரம்மா அதை முற்றத்தில் நின்று உதறு உதறு என்று உதறியதைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏசப்பா பொறந்ததுக்கு ஆட்டுக்குட்டி வந்துச்சுல்லா, எறும்பு வரக் கூடாதா?" என்றீர்கள். சாமு பெத்லகேமில் வில்லிபுத்தூர் கோபுரத்தை வரைந்து வைத்தபோதும் நான்தான் அழிக்கச் சொன்னேன். "இருந்துட்டுப் போட்டும் விடு, நட்சத்திரத்துக்கு எடம் தெரியும்" என்று அதையும் உறைக்குள் போட்டுவிட்டீர்கள்.

இந்த ஆடியில் நீங்கள் போனீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே போனீர்கள். அண்ணன் தனியாக என்ன செய்யும் என்று நான் இங்கேயே வந்துவிட்டேன். இங்கிருந்துதான் தினமும் பஸ் ஏறிக் கடைக்குப் போய் வருகிறேன். சாமு பரவாயில்லை, அழுகிறான், உங்களைப் பற்றிப் பேசுகிறான். மெர்சிதான் என் பயம். நாலு வயசு. முதலில் "அம்மா எப்ப வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். சுவரில் உங்கள் போட்டோவைக் காட்டினால், யாரோ எவரோ என்பது போலப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். பெற்றவளை இந்தப் பிள்ளை மறந்துவிடுமோ? அவள் வளர்ந்த பிறகு, இதுதான் உன் அம்மா என்று கையில் கொடுக்க அந்தப் பஞ்சை விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

அதனால் சாமுவை மெடிக்கலுக்கு அனுப்பி ஒரு பஞ்சுச் சுருள் வாங்கி வரச் சொன்னேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. மெர்சி அதை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தூரத் தள்ளினாள்.

"இது ஆஸ்பத்திரி. எனக்கு வேண்டாம்."

"பஞ்சுதாம்மா தங்கம், எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. அம்மா தலப் பஞ்சு தாங்க."

எத்தனை நாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயில் 'அம்மா' வந்திருக்கிறது! இருந்தாலும் டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை. கொடுத்தால் தீர்ந்துவிடுமே. போன வருஷம், அழகாக வந்த ஒரு கார்டை நாமே வைத்துக்கொள்வோம் என்று நான் ஒளித்தபோது நீங்கள் பிடுங்கிக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது. "பொட்டிக்குள்ள கெடந்தா யாருட்டி பாக்கப் போறா? குடுத்துவிடு." சரி மதினி, கொடுத்துவிட்டேன்.

மெர்சி டப்பாவுக்குள் முகத்தையே விட்டாள். பிறகு உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். ஒரு வீடு வரைந்தாள், வாசலில் சேலை கட்டிய ஒரு பொம்பளை. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அந்தப் பொம்பளை தலையில் ஒட்டினாள். "ஏட்டி லூசு, பனி கூரையிலதான் விழும்" என்றான் சாமு. நானும், கூரையில் ஒட்டு தங்கம் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அம்மா மில்லுல இருந்து வந்துட்டா. நாங்க இனிமே பஞ்சு பொறக்கணும்."

பிள்ளைகள் முன்னால் அழுவதில்லை என்று இருந்தவள் நான். அழுதுவிட்டேன், மதினி. வருத்தத்தில் இல்லை. அவள் மறக்கவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை.

பிறகு சாமுவும் அப்படியே ஒட்ட ஆரம்பித்துவிட்டான். இந்த வருஷம் நம் கார்டில் மரியாளுக்கும் மில் வேலைதான், தலை முழுக்கப் பஞ்சு. முக்குக் கடை பாய்க்கும் ஒரு கார்டு வைத்திருக்கிறோம். தராசுக்கு மேலே அவர் தொங்கவிட்டிருக்கும் உங்கள் பழைய கார்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளட்டும். பாஸ்டர் வீட்டு அட்டையை மட்டும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்திருக்கிறேன்.

டப்பா காலியாகிவிட்டது. தரையைக் கூட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கலாம் என்று எழுந்தேன். மெர்சி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"குனிங்க அத்தை."

வாசப்படியில் உட்கார்ந்து குனிந்தேன். பிய்த்த பஞ்சு பறந்து என் தலையில் ஒட்டியிருந்திருக்கிறது. முடிக்குள் அந்தச் சின்ன விரல் நுழைந்தது. ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

"அடுத்த கிறிஸ்மஸுக்கு," என்றாள்.

"நல்லாப் பாரு தங்கம், இன்னும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் குனிந்தே இருந்தேன், மதினி.