மஃப்ளர் டீச்சரின் வகுப்பு

செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் குட்டியும் நலம். உங்களுக்கு இருமல் நின்றதா? போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்கிறீர்கள், நான் "சாப்பிட்டேன்" என்கிறேன், அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள்.

எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். வகுப்புக்குள்ளேயும் மஃப்ளரைக் கழற்றமாட்டார், அதனால் எங்களுக்குள் அவர் மஃப்ளர் டீச்சர். அப்பா, நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லை. அம்மாவுக்கும் இது தெரியாது. அவர்கள் பேசுவது பாதி புரிகிறது. பதிலை மனசுக்குள் கோத்து முடிப்பதற்குள் பாடம் வேறு எங்கேயோ போய்விடுகிறது. ஒரு தடவை தப்பாகச் சொல்லி எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் தலையாட்டுவதோடு சரி.

நேற்று மஃப்ளர் டீச்சர் என் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, உன் மொழியில் எழுது என்றார். யாருக்கு என்று மெல்லக் கேட்டேன். அதைப் படிக்கத் தெரிந்த யாருக்காவது என்றார். எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

குட்டி வீட்டிலும் இவர்கள் மொழியைத்தான் பேசுகிறாள். அம்மா தமிழில் கேட்பதற்கும் அந்த மொழியிலேயே பதில். நீங்கள் கூப்பிடும்போது அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதை வெட்கம் என்று அம்மா உங்களிடம் சொல்கிறாள். வெட்கம் எல்லாம் இல்லை அப்பா. உங்களோடு பேச அவளிடம் வார்த்தை இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் தினமும் ஒழுங்காகப் பல்லிக்குப் போகிறேன்.

உங்கள் பெரியவள்


அக்டோபர் 9

என் செல்ல மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. அறையில் இருக்கிற அத்தனை பேரும் வாங்கிப் படித்துவிட்டார்கள். நீ தினமும் பல்லிக்குப் போகிற விஷயம் பரவியதிலிருந்து, சமையல் பார்க்கிற அண்ணன் சுவரில் பல்லியைக் கண்டால் போதும், "தம்பி, உங்க பொண்ணு வந்துட்டுப் போச்சுப்பா" என்கிறார். பள்ளி, கண்ணு, பள்ளி. பெரிய ள போடு.

இருமல் பரவாயில்லை. வேலையும் பரவாயில்லை. இந்த வாரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிப்ட் ரிப்பேர். நடுவிலே மாட்டிக்கொண்டவர்களிடம் நானும் கதவுக்கு வெளியே நின்று என்னென்னவோ சொன்னேன். என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் கத்தியது எனக்குப் புரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது அந்த லிப்ட்தான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நாள் என் பிள்ளை உள்ளே நின்றுகொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், மனசில் வை. தமிழ் எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் அவர்கள் மொழியைப் பிடி. இந்தக் கையெழுத்தும் கடிதமும் எல்லாம் லீவு நாளில் வைத்துக்கொள். உன் டீச்சர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அகதிப் பிள்ளைகள் ஏதோ எழுதிக்கொண்டு சும்மா இருக்கட்டும் என்று மூலையில் உட்கார வைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அம்மாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

குட்டிக்கு என் முத்தம். கட்டிலுக்கு அடியில் குனிந்தாவது கொடுத்துவிடு.

உன் அப்பா


நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள் அல்லவா, அதன் பலனைக் கேளுங்கள்.

அம்மா சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அந்த நீல யூனிபாரத்தோடேயே நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டாள். (பெரிய ள, பாருங்கள்.) என்னை நடுவில் நிறுத்தினாள். "எங்க பாஷை எங்களுக்குத் தெரியும். அதை எழுத வைக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம்? என் பொண்ணை ஓரங்கட்டுறீங்களா? கேளுடி, இதை அப்படியே கேளு" என்றாள்.

நான் டீச்சரிடம், "அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றேன்.

டீச்சர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிக்காமல், "நன்றி சொல்பவர்கள் மேசையைத் தட்ட மாட்டார்கள்" என்று மெதுவாகச் சொல்லி, என்னைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். திரும்பி வந்தால் மேசையில் போன். அதற்குள்ளிருந்து ஓர் அக்கா சுத்தமான தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்! மொழிபெயர்ப்பதுதான் அவருக்கு வேலையாம். அம்மா தான் சொன்னதை எல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னாள், இந்தத் தடவை ஒன்றுகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்தது. டீச்சர் நடுவில் குறுக்கிடவே இல்லை.

அம்மா முடித்ததும் டீச்சர் ஒரு தாளை எடுத்து வைத்தார். மழை எப்படி வருகிறது என்று நான் தமிழில் எழுதிய பாடம். டீச்சருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதைப் படமெடுத்து இதே அக்காவுக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறாள் என்று ஏற்கெனவே கேட்டிருக்கிறார். போன் அக்காவே சொன்னார்: "அம்மா, உங்க பொண்ணு ஒரு பக்கம் எழுதியிருக்கா. நீராவி, மேகம், காத்து, எல்லாம் சரியா இருக்கு."

அப்புறம்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை என்று, என்னைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் போடப் போனார்களாம். குட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளோடு. டீச்சர் அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய், "இவளுக்குத் தெரியாதது பாடம் இல்லை, நம்முடைய பாஷை மட்டும்தான். பாஷையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நம் வேலை" என்று சண்டை போட்டிருக்கிறார். நான் என் வகுப்பிலேயே இருக்கிறேன் அப்பா.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "நன்றி சொல்றேன்னா சொன்னே? கழுதை" என்று என் தலையில் தட்டினாள். அப்புறம் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்தாள்.

இப்போது முதலில் தமிழில் யோசித்து எழுதுகிறேன். கீழே அவர்கள் மொழியில் எழுதுகிறேன். தெரியாத வார்த்தைக்கு அப்படியே தமிழை வைத்துவிட்டுத் தாண்டிப் போகலாம். பக்கத்தில் உட்காரும் சுருட்டைமுடிக்காரியின் மொழி வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஒரே கேள்விக்கு அவள் அந்தப் பக்கமிருந்து வருகிறாள், நான் இந்தப் பக்கமிருந்து போகிறேன். நடுவில் முட்டிக்கொண்டு சிரிக்கிறோம்.

உங்கள் பெரியவள்


டிசம்பர் 7

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். மேஸ்திரி கத்தினார். கத்தட்டும்.

நான் சொன்னதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தனக்கு ஓர் எழுத்துகூடப் புரியாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் ஏதோ இருக்கிறது என்று நம்பி, அதைப் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! யாரோ பெற்ற பிள்ளைக்காக மேலதிகாரியிடம் போய்ச் சண்டையும் போட்டிருக்கிறார். அந்த மகராசிக்கு என் கும்பிடு. இதை நீ மொழிபெயர்க்காதே, போன் அக்காவிடம் விட்டுவிடு. உன்னை நம்பினால் "அப்பா கோபமாக இருக்கிறார்" என்று சொல்லி வைப்பாய்.

எழுதம்மா. இரண்டிலும் எழுது.

உங்களோடு வந்து சேர நான் போட்ட மனுவுக்கு வசந்தத்தில் பதில் வருமாம். வக்கீல் நம்பிக்கையாகப் பேசுகிறார். பள்ளி லீவு விடுவதற்குள் அப்பா வந்துவிடுவேன் என்று குட்டியிடம் சொல்லி வை.

உன் அப்பா


பிப்ரவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா இப்போது வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பள்ளிக்கு வருகிறாள். டீச்சர்தான் கூப்பிட்டார். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் கதை சொல்ல வேண்டும். அதையே பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு மொழியிலும் எழுதிப் படம் போட்டுப் புத்தகமாகத் தைக்கிறோம். அம்மா முதலில், "எனக்கு என்ன கதை தெரியும், துணி மடிக்கத்தான் தெரியும்" என்றாள். "அதையே சொல்லுங்க" என்றார் டீச்சர். ஒரு படுக்கை விரிப்புக்குள் மாட்டிக்கொண்ட பூனையை வைத்து அம்மா ஒரு கதையைக் கட்டிவிட்டாள் அப்பா! பூனை மாதிரி கத்தியும் காட்டினாள். குட்டி முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தாள். தன் அம்மாவின் பேச்சுக்கு வகுப்பே கைதட்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தமிழ் தெரியாத பிள்ளைகள் சுற்றி நின்று, "பூனை எங்க போச்சு, எங்க போச்சு" என்று அவளைத்தான் கேட்டார்கள். அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஒரே தொல்லை. இது தமிழில் என்ன, அது தமிழில் என்ன. அந்தப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். டீச்சரும் படிக்கிறார். அவர் "ஞாயிறு" என்று சொல்வதைக் கேட்டால் நீங்கள் இருமலை மறந்து சிரிப்பீர்கள். "நல்லா சிரிங்க, அப்புறம் திருத்துங்க" என்கிறார். முன்பு என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளும்தான் இப்போது என் தப்பைத் திருத்துகிறார்கள்.

நேற்று வகுப்பில் எழுந்து நின்று ஒரு பதில் சொன்னேன். இரண்டு இடத்தில் தப்பு. உட்காரவில்லை, முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நீங்கள் வரப்போவதை நினைத்து, குட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகளை எல்லாம் இழுத்து வெளியே போட்டுவிட்டாள். உங்கள் செருப்புக்கு இடமாம்.

உங்கள் பெரியவள்


ஏப்ரல் 30

என் செல்ல மகளுக்கு,

மனு தள்ளுபடி ஆனதை அம்மா சொல்லியிருப்பாள். மறுபடி போடுகிறோம். எப்போது முடியும் என்று இனிமேல் தேதி சொல்ல மாட்டேன். நீ பெரியவள், உன்னிடம் மறைக்க வேண்டாம். அன்று இரவு நான் சாப்பிட எழுந்திருக்கவில்லை. சமையல் அண்ணன் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை குட்டிக்கு விஷயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீயும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தீர்களாம். போனை அவளே எடுத்தாள். ஒளிய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அப்பா இப்போ வர முடியாது கண்ணு என்றேன். பிடித்தாளே ஒரு பிடி!

"நீ பொய் சொன்னே! லீவுக்கு வரேன்னு சொன்னே! நான் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்! செருப்புக்கு இடமெல்லாம் பண்ணினேன்! உன்கூட டூ! போ!"

எல்லாம் தமிழில். நடுவில் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினாள், அங்கேயும் கோபத்தை நிறுத்தவில்லை, தனக்குத் தெரிந்த வேறொரு வார்த்தையைப் பிடித்து மேலே போனாள். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். என் சின்ன மகளின் குரலை நான் இவ்வளவு நேரம் கேட்டதே இல்லை. அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவர்களுக்குப் புரியவில்லை, எனக்கும்தான்.

உன் டீச்சரிடம் இதைச் சொல். எனக்கு வழி திறக்க யார் யாரையோ கேட்டுப் பார்க்கிறேன், முடியவில்லை. என் பிள்ளை என்னிடம் வந்து சேர ஒரு வழியை அவர் அங்கே இருந்தபடியே திறந்துவிட்டார் என்று சொல்.

குட்டி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருப்பாள். சமாதானப்படுத்தாதே. வருகிற ஞாயிறும் கூப்பிடுகிறேன், மிச்சத்தையும் திட்டட்டும்.

உன் அப்பா