ஹவில்தார் சொல்லாமல் போனது

1974, ஆகஸ்டு 11, ஞாயிறு.

இன்று ஆறுமுகநேரியிலிருந்து ஹவில்தார் முத்தையா வந்திருந்தார். ராணுவத்தில் என் மகன் ஜெபராஜுக்குப் பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுத்தவர். சென்ற மாதம் அவன் குதித்து இறந்த அன்றும் விமானத்தில் உடனிருந்தவர்.

“மொதத் தடவை கண்ணை இறுக்க மூடிக்கிட்டான், ஐயா. ‘ஏலே, நீ கண்ணை மூடுனா தரை விலகிப் போயிருமா?’ன்னு ஏசுனேன்” என்றார். என் மனைவி எஸ்தர்கூடச் சிரித்தாள்.

புதியவனின் பாராசூட் வார்களை மூத்தவர் இழுத்துப் பார்த்து, தோளில் தட்டிய பிறகே அவன் குதிக்க வேண்டுமாம்.

“அன்னைக்கும் நாந்தான் பார்த்தேன். தட்டப் போகையில திரும்பி ஒண்ணு சொன்னான்...”

அந்த இடத்தில் நான் தாளையும் பேனாவையும் எடுத்து, “உங்கள் தகப்பனார் பெயர்?” என்று கேட்டுவிட்டேன். முப்பது ஆண்டு வக்கீல் பழக்கம். வேறு நோக்கம் சத்தியமாக இல்லை.

அவர் முகம் மாறிவிட்டது. “வாக்குமூலமா, ஐயா?” என்றார். தாளைக் கிழித்துப்போட்டு மன்னிப்புக் கேட்டேன். “காத்து இரைச்சல்ல சரியாக் கேக்கல” என்று முடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என எழுந்துவிட்டார்.

எஸ்தர் இன்னும் உறங்கவில்லை. “நாளைக்கே அவரு வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க. பேனாவ இங்கன வச்சிட்டுப் போங்க” என்கிறாள்.

போவேன். அவர் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.