கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருந்தால்

மார்ச் 4
இவருக்கு மறுபடியும் பிரஷர் ஏறியிருக்கிறது. நூற்று எண்பது. இன்னும் ஏறினால் பக்கவாதமே வரலாமாம். பஸ் ஓட்டுகிற மனுஷன்! டாக்டர் என்னைப் பார்த்துக் கத்துகிறார்: "மாத்திரை ஒழுங்கா குடுக்கிறீங்களாம்மா?" தினமும் கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்துவிட்டு நிற்கிறேன். இன்னும் என்ன செய்யணும்?

மார்ச் 5
பார்த்துட்டேன். வாஷ்பேசின்ல துப்புறார்.

மார்ச் 6
ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் வாயைத் திறந்தார். "அந்த மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்துதான்... முடியலை."

அடப்பாவி மனுஷா! ஆறு மாசமா என்னைப் பிடிக்கலைன்னுல்ல நினைச்சேன்? பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதேனே, அதெல்லாம் ஒரு மாத்திரைக்கா?

"டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்வேன்? பக்கத்து பெஞ்சுல எங்க கண்டக்டரோட மாமனார்!"

அந்த ரூம் அப்படித்தான். நேரம் மிச்சமாகும் என்று அடுத்த ரெண்டு பேரையும் உள்ளேயே உட்கார வைத்துவிடுவார்கள். தூங்குறீங்களா, பசிக்குதா, சிகரெட் உண்டா, எல்லாம் கேட்பார் டாக்டர். இதை மட்டும் கேட்க மாட்டார். ஏன், டாக்டரும் சம்சாரிதானே? மேஜைமேல மூணு பிள்ளைங்க போட்டோ வேற!

மார்ச் 9
போனோம். பெஞ்சில் ரெண்டு பேர். "கொஞ்சம் வெளியே இருங்க" என்று நானே அனுப்பிவிட்டேன்.

"என்னம்மா இது?" டாக்டருக்குக் கோபம்.

"மாத்திரையைத் துப்புறார். ஏன்னு அவர்கிட்டயே கேளுங்க." கதவைச் சாத்திவிட்டு நானும் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தாராம். அப்புறம், "இந்த மாத்திரை சிலருக்குத் தாம்பத்தியத்துல சிரமம் குடுக்கும். உங்களுக்கு அப்படி ஏதாவது?" இவர், "ஆமா."

அவ்வளவுதான். வேற மாத்திரை எழுதியிருக்கார். நீங்களா நிறுத்தாதீங்க, ஒத்துக்கலைன்னா என்கிட்ட வாங்கன்னும் சொன்னாராம். இதை ஆறு மாசம் முன்னாடியே கேட்டிருந்தா வாய் வலிச்சிருக்குமா? கேட்காததுக்கு விலை இவர் உயிரா?

இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஏப்ரல் 2
நூற்று முப்பது. பெஞ்ச் அங்கேயேதான் கிடக்கிறது. ஆனால் இவர் உள்ளே போனதும் டாக்டரே மற்றவர்களை வெளியே அனுப்பினாராம். கதவருகே நின்ற என்னைப் பார்த்து டாக்டர் ஒரு மாதிரி தலையாட்டினார். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 11
இன்றைக்கு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அது எங்க ரெண்டு பேர் விஷயம்.