நாலாவது சம்பவம்

பெஜாயா
18 அக்டோபர் 2009

அன்புத் தம்பி மெஸ்யானுக்கு, அக்கா தாவுஸ் எழுதுவது.

சுகம்தானே? உன்னோடு பட்டாளத்தில் இருக்கும் பையன் ஒருவன் விடுப்பில் வந்து, தமன்ராசெட் பாலைவன வெயில் உன்னைக் கருவாடாக்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டதிலிருந்து அம்மா உனக்கு ஒரு டின் ஆலிவ் எண்ணெய் அனுப்பியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பட்டாளத்துக்கு யாராவது எண்ணெய் அனுப்புவார்களா? நீயே எழுதிச் சொல். நான் சொன்னால் அவளுக்கு ஏறாது.

நான் மூன்றாம் ஆண்டு வந்துவிட்டேன். உளவியலை நடத்துவது அரபியில், படிக்கும் புத்தகம் பிரெஞ்சில், வீட்டுக்கு வந்தால் அம்மா புலம்புவது நம் கபைல் மொழியில். நேற்று மாடி வீட்டு வர்தியா அத்தை படியில் மடக்கிக்கொண்டாள். "ஏண்டி, நீ பைத்தியத்துக்குத்தானே படிக்கிறே? எம் மருமக கனவுல தினம் பாம்பு வருதாம், என்னன்னு பாத்துச் சொல்லேன்" என்றாள். "அத்தை, நாங்க இன்னும் சோதனை எலியவே தாண்டலை" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெரிய செய்தி இனிமேல்தான். அம்மா சம்மதித்துவிட்டாள். பிப்ரவரியில் நீ விடுப்பில் வரும்போது அப்பா இனி இல்லை என்று வைத்து, அவருக்கு ஜனாஸா தொழுகை நடத்திவிடலாம் என்கிறாள். உடல் இல்லாத தொழுகைதான். அந்த உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் யார் என்று பதினாலு வருஷமாகத் தெரியவில்லை, இனித் தெரியவும் போவதில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்தது போதும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாயே, அது இப்போதுதான் அவள் மனதில் இறங்கியிருக்கிறது. நீ வந்து உன் வாயால் சரி என்று சொன்னால் போதுமாம்.

எனக்கும் ஓர் உதவி செய். இந்தப் பருவத்தில் ஞாபகம் பற்றிய பாடம். ஸொஹ்ரா மேடம் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். தம்பி தங்கைக்கு அவர்களுடைய சின்ன வயதுச் சம்பவங்கள் நான்கை எழுதி, என்ன நினைவிருக்கிறது என்று கேட்க வேண்டும். உன் சம்பவங்கள் இதோ. சுன்னத் அன்று அவித்த முட்டைகளை யாருக்கும் தராமல் கட்டிலுக்கு அடியில் ஒளித்தாய். பெரியப்பா வீட்டு அத்தி மரத்திலிருந்து விழுந்தாய். என் புதுச் செருப்பைக் கிணற்றில் போட்டாய். நாலாவது: நாலு வயதில் மீன் சந்தையில் தொலைந்துபோனாய். அப்பாதான் தேடிப் பிடித்து, தோளில் உட்காரவைத்து, பொழுது சாயும்போது வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நினைவில் வருவதையெல்லாம் எழுது. கொழுப்புக் காட்டாமல் எழுது.

உன் காதைத் திருகக் காத்திருக்கும்
தாவுஸ்


தமன்ராசெட்
6 நவம்பர் 2009

அக்காவுக்கு,

நலம். எண்ணெய் வேண்டாம். அத்திப்பழம் காய்ந்தது இருந்தால் அனுப்பு.

முட்டை நினைவிருக்கிறது. நாலு நாள் கழித்து நாற்றம் எடுத்து அம்மாவிடம் அடி வாங்கினேன். அத்தி மரம் நினைவிருக்கிறது, தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது. செருப்பு விஷயத்தில் நீதான் முதலில் என் பந்தைப் போட்டாய், அதையும் உன் பயிற்சியில் எழுதிக்கொள்.

நாலாவது சுத்தமாக நினைவில்லை. அப்பாவைப் பற்றி எனக்கு எதுவுமே நினைவில்லை என்று உனக்குத் தெரியாதா? அலமாரி மேல் இருக்கும் போட்டோதான் எனக்கு அப்பா. அதனால்தான் தொழுகையை நடத்தி முடியுங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். ஒரு போட்டோவுக்காக அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நிஜமாகவே என்னைத் தூக்கினாரா? எந்தத் தோளில்?

மெஸ்யான்


பெஜாயா
22 நவம்பர் 2009

தம்பிக்கு,

அத்திப்பழம் அனுப்பியிருக்கிறேன். அம்மா நடுவில் எதையாவது செருகியிருப்பாள், பார்த்துப் பிரி.

எந்தத் தோள் என்று நான் சொல்லக் கூடாதாம், அது பயிற்சியின் விதி. அவசரப்படாதே. ஓய்வாக இருக்கும்போது கண்ணை மூடி அந்தச் சந்தையை நினைத்துப் பார். மீன் பெட்டிகள், ஐஸ் தண்ணீர், கூச்சல். துண்டு துண்டாகத்தான் வரும் என்கிறார் மேடம். வந்தால் எழுது, வராவிட்டாலும் எழுது.

தேர்வு நெருங்குகிறது. என் வகுப்புத் தோழி கஹீனா தன் தம்பியிடமிருந்து மூன்று பக்கம் வாங்கிவிட்டாள். அவள் பீற்றிக்கொள்வதைத் தாங்க முடியவில்லை.

அன்புடன்
தாவுஸ்


தமன்ராசெட்
19 டிசம்பர் 2009

அன்பு அக்கா,

வந்துவிட்டது.

உன் கடிதம் படித்ததிலிருந்து காவல் நிற்கும்போதெல்லாம் சந்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒற்றைச் செருப்பு வந்தது. என் இடது கால் வெறுங்கால், தரை ஜில்லென்று இருந்தது. அப்புறம் ஒருநாள் வலது தோள். கம்பளிக் கஷாபியா அங்கி போட்டிருந்தார். அது கன்னத்தில் குத்தியது. மத்தி மீன் வாடை. அவர் இருமினார், இருமும்போது நானும் சேர்ந்து குலுங்கினேன். அது எனக்குப் பிடித்திருந்தது, மறுபடி இருமமாட்டாரா என்று காத்திருந்தேன். வீடு நெருங்கும்போது சொன்னார்: "அழுவாதடா, உங்கக்கா பாத்தா கிண்டல் பண்ணுவா." அக்கா, அவர் குரல்! எனக்கு அப்பாவின் குரல் தெரியும்!

பட்டாளக் கொட்டடியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்பார்கள். இப்போது காவல் நிற்கும்போது பின்னால் யாரோ இருமுவது கேட்கிறது. நான் திரும்புவதில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று பயம். இதற்கு முன்னால் இங்கே ஒருநாள்கூட நான் இவ்வளவு நிம்மதியாக நின்றதில்லை.

தொழுகை வேண்டாம். அம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், அவளுக்குப் படித்துக் காட்டு. யென்னாயெர் புத்தாண்டுக்கு, தூரத்தில் இருப்பவர்களுக்காகக் கூஸ்கூஸ் தட்டில் மரக்கரண்டி குத்துவோமே, அதில் அப்பாவின் கரண்டியும் இருக்க வேண்டும். செத்தவர்களுக்குக் கரண்டி கிடையாது, அதை எடுத்துவிடு என்று போன வருஷம் அம்மாவிடம் சண்டை போட்டவன் நான். முட்டாள்தனம். இப்போதுதான் அவர் எனக்குக் கிடைத்திருக்கிறார், அதற்குள் புதைக்கச் சொல்கிறீர்களா?

உன் படிப்பு வாழ்க.

உன் தம்பி
மெஸ்யான்


பெஜாயா
14 ஜனவரி 2010

மெஸ்யான்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. உன் கடிதம் வந்து இரண்டு வாரமாக இதை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சியில் மூன்று சம்பவங்கள் நிஜமாக இருக்க வேண்டும். ஒன்று இட்டுக்கட்டியதாக இருக்க வேண்டும். இல்லாத ஒன்றை மனம் எப்படி நினைவாக்கிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் பாடம். நாலாவது நான் இட்டுக்கட்டியது. நீ மீன் சந்தையில் தொலையவே இல்லை. அப்பா உன்னைத் தேடி வரவும் இல்லை.

துக்கத்தைத் தொடாதீர்கள், இறந்தவர்களை உள்ளே கொண்டுவராதீர்கள் என்று மேடம் வகுப்பிலேயே சொன்னார். குறிப்பும் எடுத்தேன். ஆனால் உனக்கு எழுதும்போது அது எனக்கு உறைக்கவில்லை. நம் வீட்டில் அப்பா இறந்தவர் இல்லையே. வருஷா வருஷம் கரண்டி குத்துகிற ஆளை இறந்தவர் என்று எப்படி நினைப்பேன்? தொலைந்த பிள்ளையை யாராவது கூட்டிவர வேண்டுமே என்று யோசித்தேன், கை தானாக அப்பா என்று எழுதிவிட்டது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "மார்க்கெல்லாம் அப்பறம். மொதல்ல அவனுக்கு உண்மையச் சொல்லு" என்றார்.

நீ அம்மாவுக்கு எழுதியதில் தோளும் இருமலும் வருகிற இடத்தை விட்டுவிட்டுத்தான் படித்தேன். தொழுகை வேண்டாம், கரண்டி வை என்பதை மட்டும் படித்தேன். அவள் உன் கரண்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் கரண்டியைக் குத்தினாள். மறுநாள் பழையபடி வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எழுந்து வருவதில்லை.

திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பதில் போடு. அவளை எழுப்ப உன் சொல்லால்தான் முடியும்.

மன்னிக்கச் சொல்லக் கூசும்
தாவுஸ்


தமன்ராசெட்
30 ஜனவரி 2010

அக்கா,

உனக்கு எட்டு வருஷத்து அப்பா இருக்கிறார். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார், உனக்குச் செருப்பு வாங்கித் தந்தார், உன்னை அடித்தார், கொஞ்சினார். எனக்கு இருந்தது ஒரு சாயங்காலம். அதை நீயே கொடுத்தாய், இப்போது நீயே பிடுங்கிக்கொள்கிறாய்.

கம்பளியை நீ எழுதவில்லை. இருமலை எழுதவில்லை. அவர் சொன்ன வார்த்தையை எழுதவில்லை. அதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று உன் மேடத்திடம் கேள். எனக்குப் பதில் வேண்டாம்.

தொழுகையை நடத்திக்கொள்ளுங்கள். நான் சரி என்றேன் என்று அம்மாவிடம் சொல். ஆனால் நான் வரமாட்டேன். விடுப்பை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதே.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இருமல் கேட்கவில்லை. திரும்பியும் பார்த்துவிட்டேன். மணல்தான் இருக்கிறது.

மெஸ்யான்


பெஜாயா
27 பிப்ரவரி 2010

என் மெஸ்யானுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிரிக்காமல் வைத்திருந்தாலும் சரி, கிழித்துப் போடாதே.

நேற்று வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தது. நீ எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். தெருவுக்கே கூஸ்கூஸ் கொடுத்தோம். ஆண்கள் கலைந்த பிறகு பெண்கள் எல்லாம் உள்ளறையில் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் உரக்கச் சிரித்தால் மாடியில் குழந்தை எழுந்துவிடும் என்றாள் வர்தியா அத்தை.

என் முறை வந்தது. எட்டு வருஷத்து அப்பா உனக்கு இருக்கிறார் என்று எழுதினாயே, அவரைத் தேடினேன். பள்ளிக்கூட வாசல், புதுச் செருப்பு, அடி, எதுவும் வாய்க்கு வரவில்லை. நான் சொன்னது மீன் சந்தையை. ஒற்றைச் செருப்பு, வலது தோள், கம்பளி, இருமல், எல்லாம் நீ எழுதியது எழுதியபடி. சொல்லச் சொல்ல, நான் வாசலில் நின்று உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய், நான் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். இதை நான் இட்டுக்கட்டினேனா, மறந்திருந்ததைத்தான் எழுதினேனா என்று இப்போது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்று வருஷம் இதைத்தான் படிக்கிறேன், ஆனாலும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மெஸ்யான்.

எல்லாரும் அழுதார்கள். அம்மா அழவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமா, அன்னிக்கு இவனை எறக்கி விட்டதும் மொதல்ல தண்ணிதான் கேட்டாரு" என்றாள். "'பயந்துட்டேன்டி'ன்னாரு. அந்த மனுசன் வாயால அந்த வார்த்தைய நான் கேட்டது அன்னிக்கு ஒருநாள்தான்."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மேடமாக இருந்தால் சொல்லியிருப்பார்.

"எந்தக் குவளைல குடுத்தேம்மா?" என்று கேட்டேன்.

"நீலக் குவளை. வெளிம்பு ஒடஞ்சிருக்குமே, அது. ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாரு."

இன்று காலை அவள் வாசலில் உட்காரவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வர்தியா அத்தைக்கு அதே கதையை இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பயிற்சியைக் கொடுக்கவில்லை. அந்தப் பாடத்தில் தவறிவிட்டேன், அடுத்த வருஷம் மறுபடி எழுத வேண்டும். போகட்டும்.

அடுத்த விடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. வா. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சாயங்காலத்தைப் பற்றிக் கேள். அவளுக்கு நம் இரண்டு பேரையும்விட நிறைய நினைவிருக்கிறது.

உன் அக்கா
தாவுஸ்